அய்யம்பேட்டையைக் காணோம்

பாபநாசத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஆல்பின், மத்தியானச் சோற்றை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. சுற்றி நாலு பக்கமும் நெல் விளைகிற ஊரில் ஒரு மனுஷன் சோற்றை நிறுத்தினால் அது சின்ன விஷயமா? சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்டார்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். எதிர்க்கடை கோவிந்தராசு மட்டும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதும் சண்டைங்களா?" என்று விசாரித்தார்.

சண்டையும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை ஆல்பின் பைக்கில் ஹூப்ளி வரை போய்த் திரும்ப வேண்டும். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர், இருபத்துநாலு மணி நேரம். முடித்துக் காட்டினால் திருச்சியில் இருக்கிற பைக் குழு ஒன்று ஒரு சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் தரும். அதற்கு மேல் ஒரு டீ கூட வாங்கித் தராது. நாற்பத்துநாலு வயசில் ஒரு பேட்ஜுக்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். இருபது வருஷமாகப் பம்புசெட் மோட்டாரின் வயிற்றுக்குள் குனிந்தே கிடந்தவனுக்கு, ஒரே ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசை வராதா? எனக்கென்னவோ அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆசைப்பட்டதோடு அவன் நிற்கவில்லை. கடைக்குள்ளேயே வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் காயில் கட்டினான். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, கடைசியில் காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயிகள் வாசலிலேயே நின்று சிரித்தார்கள். "சிரிச்சுக்குங்க, இடுப்பு எனக்குத்தானே வலிக்குது" என்று செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இருநூறு கிலோமீட்டர், அடுத்த மாதம் முந்நூறு, பிறகு நானூறு. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டான். கையுறையைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்கப் பழகினான். மத்தியானத்துக்கு அவித்த வேர்க்கடலை, நாலு பேரீச்சம்பழம், ஒரு வாழைப்பழம். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் இலையை வழித்துக்கொண்டிருக்கும்போது இவன் சட்டைப்பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுப்பான். பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் ஆள் அசையவில்லை.

எல்லாம் சரியாக வந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது, அவன் மனைவி அமலியின் கையெழுத்து.

பைக் குழு ஒரு படிவம் கொடுத்திருந்தது. இன்னார் இத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் போடலாம். கோவிந்தராசு பேனாவை எடுத்துக்கொண்டு தயாராக இருந்தார். ஆனால் ஆல்பின், "என் பொண்டாட்டி போட்டாத்தான் கெளம்புவேன். இல்லன்னா கெளம்ப மாட்டேன்" என்று தலையை ஆட்டிவிட்டான். அமலியோ படிவத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு மேசை மேல் திருப்பி வைத்துவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பொங்கலுக்கு மறுவாரம் வலங்கைமானில் அமலியின் அம்மா வீட்டில் கறி விருந்து. ஆல்பின் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள், அமலி பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாபநாசத்தை நெருங்கும்போது வாய்க்கால் ஓரத்து வளைவில் வண்டி வளையாமல் நேரே போயிற்று. ஆல்பினுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அமலிக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தஞ்சாவூரில் பிளேட் வைத்தார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர். இப்போதும் கரும்பலகையில் எழுதினால் வரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கையெழுத்து மாறிப்போய் பேங்கில் புது மாதிரிக் கையெழுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவன் வண்டியில் மட்டுமல்ல, எந்த இரண்டு சக்கர வண்டியிலும் அவள் ஏறுவதில்லை. எங்கே போனாலும் பஸ்தான்.

"எல்லாம் சோத்தால வந்தது" என்று ஆல்பின் டாக்டரிடம் சொன்னான். மாதா கோவில் சாமியாரிடம் சொன்னான். கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னான். "அத்தை மூணாந்தரம் வெச்சாங்க பாருங்க, அதான். திடீர்னு கண்ணைச் செருகிருச்சு." வலங்கைமானில் அவன் மாமியாருக்கு இது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் யாருக்கும் இரண்டாம் தரம் சோறு வைப்பதில்லை என்று கேள்வி.

படிவத்தைத் திருப்பி வைத்த அன்று அமலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு எதனால விழுந்தோம்னு சொல்லுங்க. போடுறேன்."

"சோறுதான். வேற என்ன?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுநாளே சோற்றை நிறுத்தினான் நம் ஆள். விழுவதற்கு முன்னால் வலங்கைமான் ரோட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை ஒத்திகை வைத்தான். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, சேலம் வழியாகக் கிருஷ்ணகிரி, அதே வழியில் திரும்பி வீடு. போக வர அறுநூற்றெழுபது கிலோமீட்டர். காலை ஐந்துக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் வாசலைத் தொட வேண்டும். அந்த வேகம் நிலைத்தால்தான் ஹூப்ளி. "மூணு மணிக்கு வாசல்ல நிக்கிறேன், பாரு. அப்புறம் நீயே பேனாவை எடுப்ப" என்று அமலியிடம் சவால் விட்டுவிட்டு, தான் போகும் இடம் அவள் போனில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாக அவன் மேற்கே நகர்ந்தான்.

பனி விலகும்போது திருச்சியைத் தாண்டியிருந்தான். கிருஷ்ணகிரியில் பெட்ரோல் போட்டு, கடலையைக் கொறித்து, பத்தே நிமிஷத்தில் வண்டியைத் திருப்பினான். திரும்பும்போது சேலத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டது. அதையும் சரிக்கட்டினான். தஞ்சாவூரைத் தாண்டும்போது இரண்டேகால். இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர்தான். அறுவடை நேரம், ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, டிராக்டர்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்தன, ஆனாலும் நேரம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே வந்துவிட்டது.

பசுபதிகோயில் வேகத்தடையில் ஏறி இறங்கியது நினைவிருக்கிறது. அடுத்து அவன் கண்ணில் பட்டது, பண்டாரவாடை இரண்டு கிலோமீட்டர் என்ற பலகை.

நடுவில் அய்யம்பேட்டையைக் காணோம்.

கடைத்தெரு, பஸ் நிறுத்தம், பள்ளிவாசல், ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் என்று ஒரு முழு ஊர். அதற்குள் புகுந்து, யாரையும் இடிக்காமல் வெளியே வந்திருக்கிறான். ஒரு கடை, ஒரு முகம், ஒரு ஹாரன் சத்தம் கூட நினைவில் இல்லை.

இன்றைக்குச் சோறு சாப்பிடவில்லையே! நாலு மாதமாக மத்தியானம் ஒரு பருக்கை உள்ளே போகவில்லையே! பிறகு எப்படி வந்தது தூக்கம்?

மணி இரண்டே முக்கால் ஆகப்போகிறது. வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். பத்து நிமிஷம். நேரம் இருக்கிறது, மிச்சம் கூட இருக்கிறது. இதோ வந்துவிட்டோம் என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது.

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் போன வருஷம் அவன் கண் முன்னால் வந்து நின்றது. வலங்கைமான் ரோட்டில் அவன் தலை இரண்டு தரம் ஆடியது. பின்னாலிருந்து அமலி தோளைத் தட்டினாள். "ஏங்க, தூக்கம் வருதா? கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். கேட்டது, நன்றாகவே கேட்டது. "இதோ வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அவன் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். அது சோறு செய்த வேலை இல்லை.

ஆல்பின் வண்டியை ஓரம் கட்டினான். ஒரு மதகும் அதற்கு மேல் ஒரு புளியமர நிழலும் இருந்தன. எஞ்சினை நிறுத்தினான். ஸ்டாண்டு போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறைகளை அதற்குள் வைத்தான். போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு மதகுச் சுவரில் மல்லாந்து படுத்தான். மூன்று மணி போயிற்று, ஒத்திகை போயிற்று, கையெழுத்தும் போயிற்று. போகட்டும் என்று கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. கால்மாட்டில் அமலி உட்கார்ந்திருந்தாள்.

அவன் துள்ளி எழுந்தான். "மணி என்ன?"

"மூணே முக்கால்."

"அய்யய்யோ! அலாரம் வெச்சேனே!"

"கத்துச்சு. நான்தான் நிறுத்தினேன்."

"ஏன் அமலி! நேரம் போச்சே!"

"போவட்டும்" என்றாள். "புள்ளி நின்னுபோச்சு. நாலு தடவ போன் அடிச்சேன், எடுக்கல."

"வண்டி ஓட்டுறப்ப மணி அடிக்காம வெச்சிருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு செவ்வந்தியோட ஸ்கூட்டர்ல ஏறி வந்தேன். வர்ற வழி பூரா மாதாவக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். கிட்ட வந்து பார்த்தா வண்டி ஸ்டாண்டுல நிக்குது. கிளவுஸ மடிச்சு ஹெல்மெட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஸ்கூட்டரில் ஏறினாளா! ஆல்பின் ரோட்டைப் பார்த்தான். செவ்வந்தியையும் ஸ்கூட்டரையும் காணவில்லை.

"பிள்ளைங்க டியூஷனுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. அத விடுங்க. ஏன் நின்னீங்க? வீடு இங்கதானே இருக்கு?"

ஆல்பின் மதகுக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தான்.

"அய்யம்பேட்டை எப்ப போச்சுன்னே தெரியல அமலி."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சுது. நீ தோளைத் தட்டுனது தெரிஞ்சுது. நிறுத்துங்கன்னு சொன்னதும் கேட்டுச்சு. வீட்டுக்குக் கிட்ட வந்துட்டு, தூக்கம் வருதுன்னு ரோட்டோரம் நிக்கிறதா, எவனாவது பார்த்தா கேலி பண்ணுவான்னு நெனச்சேன். சோறு இல்ல, அத்தையும் இல்ல. நான்தான் நிறுத்தல."

அமலி தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள். "இதச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. ஆல்பினுக்கு அழுகையே வந்துவிட்டது.

கும்பகோணம் போகும் டவுன் பஸ் தூரத்தில் தெரிந்தது. ஆல்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "கை காட்டி நிறுத்துறேன், நீ ஏறிக்க. நான் பின்னாலயே வரேன்."

"வேணாம்."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. அமலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கின் பக்கத்தில் போய் நின்றாள்.

நாற்பதுக்கு மேல் அவன் போகவில்லை. பண்டாரவாடையைத் தாண்டினார்கள். அவன் மனசுக்குள் ஹூப்ளிக் கணக்கை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். டீக்கடையில் நிற்பதைக் குறைத்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும், கட்டாயம் கிடைக்கும்.

ராஜகிரி நெருங்கும்போது அவன் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

அடுத்த நொடி பிரேக் பிடித்துவிட்டான். வண்டி இடது ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண், "கண்ணு தெரியலயா?" என்று சத்தம் போட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆல்பின் பதறித் திரும்பினான்.

"என்ன அமலி? கை வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"நிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

அவன் மறுபடி சாவியைத் திருகப் போனான். அவளோ, "எங்க அந்த ஃபாரம்? பையிலதான வெச்சுக்கிட்டே திரியுறீங்க, எடுங்க" என்றாள்.

பெட்ரோல் டேங்க் மேல் கட்டியிருந்த பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பேனாவோடு பின்னால் நீட்டினான். "குனிங்க" என்றாள். இருபது வருஷம் மோட்டாருக்குக் குனிந்த முதுகை ஆல்பின் அவளுக்காகக் குனிந்து கொடுத்தான். அவள் தாளை முதுகில் வைத்து எழுத ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, வரி கீழே இறங்கிக்கொண்டே போவது சட்டைக்கு மேலேயே அவனுக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு புள்ளி வைத்து அழுத்தினாள்.

"கெளம்புற நேரம் காலியா இருக்கு. அன்னிக்கு எழுதிக்கலாம்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "போங்க. வீட்டுல சோறு வடிச்சு வெச்சிருக்கேன்."