எதிர்க்கட்சித் தலைவரைப் பத்தி ஒரு பாட்டு

அந்த ஆளு எதிர்க்கட்சித் தலைவரா வந்து மூணு மாசம் ஆச்சு. மூணு மாசத்துல என்ன கிழிச்சாருன்னு யாராவது கேட்டா, மூக்குக் கண்ணாடிய மாத்தினாருன்னு சொல்வேன். பொய் இல்ல. தங்க ஃபிரேம் போய் கறுப்பு ஃபிரேம் வந்துச்சு. கறுப்பு போட்டா உழைக்கிறவன் மாதிரி தெரியுமாம். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச ஒரு பொம்பள சொல்லிக் குடுத்தது. தலைவர் மூஞ்சி எப்படி இருக்கணும்னு சொல்றதுக்குன்னே சம்பளம் வாங்கற பொம்பள.

பேரு ஃபேபியன் புஷே. எங்க தீவுல படகுச் சின்னத்துக் கட்சிக்குப் புதுத் தலைவர். எங்க கட்சின்னு சொல்லவே வாய் கூசுது, ஆனா ஓட்டு வந்த நாள்லேர்ந்து நான் படகத் தவிர வேறெதுக்கும் போட்டதில்ல. தேர்தல்ல மண்ணக் கவ்வினதும் பழைய தலைவரத் தூக்கிட்டு இவர உக்கார வச்சாங்க. சரி, புது ஆளு, நாலு வார்த்த சூடா கேப்பாருன்னு நானும் டிவி முன்னாடி உக்காந்தேன். தெற்குப் பக்கம் பூரா குழாய்ல தண்ணி இல்ல. அதப் பத்தி பார்லிமென்ட்ல மொதக் கேள்வி. எழுதி வச்சத ஒழுங்காத்தான் படிச்சாரு. பிரதமர் எந்திரிச்சு, "இத யாரு எழுதிக் குடுத்தா தம்பி?"ன்னு ஒரே போடு. சபையே சிரிச்சுது. இந்த மனுஷன் என்ன பண்ணாருன்னு நெனக்கிறீங்க? கையில இருந்த பேப்பரத் திருப்பிப் பாத்தாரு! பதில் பின்பக்கம் இருக்கான்னு!

மாதாவே, எங்க போய் முட்டிக்கறது.

அடுத்த வாரம் சந்தைக்கு வந்தாரு. சட்டைக்கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மடிச்சிருந்துச்சு. அந்த மடிப்புக்கும் இஸ்திரி போட்டிருந்துச்சு. சேப்பங்கீரைக் கட்ட ஒரு கெழவி நீட்டினா, அத கல்யாணப் பொண்ணு பூச்செண்டு புடிக்கிற மாதிரி நெஞ்சோட புடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரு. கீர வெல ஏறிப்போச்சே ஐயான்னா, "இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு"ன்னாராம். கீரைக்கு ஏதுய்யா ரெண்டு பக்கம்?

நான் யூலின் லெசாமா. மேடையில ராணி ஜெப். ஜெப்புன்னா எங்க ஊர்க் குளவி. கார்னிவல் திருவிழா வந்தா காலிப்ஸோங்கற கிண்டல் பாட்டு பாடி, பதவியில இருக்கறவன் இல்லாதவன் எல்லாரையும் கொட்டறதுதான் என் தொழில். வருஷா வருஷம் சான் ஃபெர்னாண்டோவுல ஸ்கின்னர் பார்க் மைதானத்துல நடக்கற பாட்டுப் போட்டி அரையிறுதி வரைக்கும் வந்துடுவேன். அதுக்கு மேல போனதில்ல. தலைநகர்ல, பெரிய மைதானத்துல, பாட்டு ராஜாக்கள் மேடையில, இறுதிப் போட்டியில ஒரு தடவ நிக்கணும். எனக்கு வேற ஆசை கெடையாது. இந்த வருஷம் நிக்கலேன்னா எப்பவும் இல்ல. தொண்டையில கட்டி. கார்னிவல் முடிஞ்ச வாரம் ஆபரேஷன். "பேசறதுக்குக் கொறைச்சல் இருக்காது, பாடறத மட்டும் மறந்துடுங்க"ன்னுட்டாரு டாக்டர். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு.

என் கையில ரெண்டு பாட்டு இருந்துச்சு. ஒண்ணு, பிரதமர் வீட்டு நீச்சல் குளத்தப் பத்தி. ஊரே வாளியோட லாரிக்குக் காத்திருக்கறப்ப அவர் குளத்துல தண்ணி தளும்புது. இன்னொண்ணு புஷேவப் பத்தி. எனக்கு மெட்டு சரிபண்ணி, டிரம்பெட் ஊதறது ஹோலிஸ். என்னோட பாதி வயசு அவனோட சண்டை போட்டே கழிஞ்சுது.

"குளத்தப் பாடு யூலின்," அப்படின்னான். "கண்ண மூடிக்கிட்டு பாடு. இறுதிக்குப் போயிடலாம்."

"குளத்த இந்த வருஷம் பத்துப் பேரு பாடறான். நான் பதினொண்ணாவதா போய் குதிக்கணுமா?"

"அப்ப அந்த ஆளு மேலயா பாடப் போற? பாட்டு கட்டற அளவுக்கு அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. அதான்யா பாட்டே!"

"ஏம்மா, ஒரு ஆளத் திட்டணும்னா ஊரு அவன ஒரு ஆளா மதிக்கணும்ல? இவன யாருக்கு ஞாபகம் இருக்கு? என் வீட்டுக்காரி அவன பேங்க் மேனேஜர்ங்கறா."

"உன் வீட்டுக்காரிக்கு உன்னையே ஞாபகம் இருக்காது. போய் ஊதுய்யா!"

அவன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. ஆனா எனக்கு வயித்தெரிச்சல். பிரதமர் அடுத்த கட்சி, அவன் அப்படித்தான் இருப்பான். இவன் எங்க வீட்டு ஆளு. எங்க வீட்டு ஆளு வாயில கொழுக்கட்டையோட நின்னா எனக்குத்தானே அவமானம்? புஷேவத்தான் பாடறதுன்னு முடிவு பண்ணி போட்டிக்குப் பேரக் குடுத்துட்டேன்.

விஷயம் கட்சி ஆபீசுக்குப் போயிடுச்சு. போன் வந்துச்சு. மிரட்டப் போறாங்க, நல்லா நாலு கேக்கலாம்னு எடுத்தேன். அந்த மூஞ்சிப் பொம்பளதான் பேசினா.

"மேடம், எங்க தலைவரப் பத்திப் பாடறீங்களாமே?"

"ஆமா. கிழிக்கப் போறேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம். அவரு பேர மூணு தடவையாவது சொல்வீங்களா? முன் வரிசையில ரெண்டு டிக்கெட் கெடைக்குமா?"

சொரணைன்னு ஒண்ணு எந்தக் கடையில விக்கும்னு இவங்களுக்கு யாராவது சொல்லுங்கப்பா. போன வச்சுட்டேன்.

ஸ்கின்னர் பார்க்குக்கு வர்ற கூட்டம், ஒரு கையில பேலாவ் சோத்து டப்பா, ஒரு கையில கக்கூஸ் பேப்பர் சுருளோடதான் வரும். பாட்டு சகிக்கலையா, இல்ல அவங்க தலைவர் மேல கை வச்சுட்டியா, சுருள அவுத்து ஆட்டுவாங்க. மைதானமே வெள்ளையாயிடும். பாத்தா மரியாத இல்லாத வேலைதான். ஆனா பாடறவங்களுக்குத் தெரியும், பேப்பர் பறந்தா பாட்டு தச்சுருச்சுன்னு அர்த்தம். பாதி ஜனம் கை தட்டி பாதி ஜனம் பேப்பர் ஆட்டினா இறுதிப் போட்டி நிச்சயம்.

எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் குளத்தப் பாடினான். குரல்னு ஒண்ணும் இல்ல, ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான். அதுக்கே ஒரு பக்கம் விசில், ஒரு பக்கம் பேப்பர், ரெண்டு பொம்பளைங்க அடிதடி. ஓரத்துல நின்ன ஹோலிஸ் என்னப் பாத்தான். வாயத் தொறந்திருந்தா டிரம்பெட்டாலயே அடிச்சிருப்பேன்.

நான் ஏறினேன். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட கவுன், தலையில ரெண்டு கொம்பு. நல்ல கைதட்டல். தொண்டையும் அன்னைக்குன்னு பாத்து என்னமோ இளகி வந்துச்சு. எடுத்தேன் பாருங்க.

"கண்ணாடி மாத்தினாரு, நடைய மாத்தினாரு,
நாக்க மட்டும் பொட்டியில வச்சுப் பூட்டினாரு,
தண்ணி எங்க ஐயான்னா தலைய ஆட்டினாரு,
ரெண்டு பக்கமும் நியாயம்னு நடுவுல படுத்தாரு!
யாரது? யாரது?"

இந்த எடத்துல கூட்டம் "புஷே!"ன்னு கத்தணும். அதுக்குத்தான் அப்படிக் கட்டினது. மைக்க ஜனத்துப் பக்கம் நீட்டினேன்.

சத்தமே இல்ல.

இன்னொரு தடவ, இன்னும் ஓங்கி, "யாரது?"

நடுக் கூட்டத்துலேர்ந்து ஒருத்தன், கிண்டல் இல்ல, நெஜமாவே தெரியாம கேட்டான்: "யாரும்மா அது?"

என் உசுரு போயிடுச்சு. ரெண்டாவது சரணத்துல பேரையே போட்டு ஒடச்சுச் சொன்னேன். பார்லிமென்ட் பேப்பரச் சொன்னேன், கீரைக்கட்ட சொன்னேன். ஒருத்தனுக்காவது கோவம் வரணுமே? படகுக் கட்சிக்காரன் ஆயிரம் பேர் அங்க இருந்தான். ஒரு பய தன் தலைவருக்காக ஒரு முழம் பேப்பர் அவுக்கல. டபுள்ஸ் ரொட்டி வாங்க எந்திரிச்சுப் போனான். பக்கத்துல இருக்கறவன்கிட்ட கிரிக்கெட் கேட்டான். என் கண்ணு முன்னாடியே சோத்து டப்பா தொறந்தான்.

அப்பத்தான் முன் வரிசையில ஒரு வெள்ளத் துண்டு எழும்புச்சு.

ஒத்தப் பேப்பர். நல்லா மேல தூக்கி, ரெண்டு கையாலயும் ஆட்டறாரு. யாருன்னு பாத்தா, புஷே! தன்னத் திட்டற பாட்டுக்குத் தானே பேப்பர் ஆட்டறாரு! ஓலைத் தொப்பி, மடிச்ச சட்டைக்கை, காது வரைக்கும் சிரிப்பு. பக்கத்துல அந்தப் பொம்பள, "இன்னும் ஒசத்தி, இன்னும் ஒசத்தி"ன்னு கை காட்டறா. டிவி கேமரா என்ன விட்டுட்டு அவர் பக்கம் திரும்பிடுச்சு. பெரிய திரையில அவரு மூஞ்சி. கூட்டம் பாத்துச்சு. ஒரு பொம்பள சிரிச்சா, அப்புறம் பத்துப் பேரு, அப்புறம் மைதானம் பூரா சிரிப்பு, கைதட்டல். என் கடைசிச் சரணம்தான் இருக்கறதுலயே நல்ல சரணம். தொண்ட கிழியக் கிழியப் பாடினேன். எனக்கே கேக்கல.

எறங்கி வர்றப்ப சோத்துக் கடையில ஒருத்தன் சொல்றான், "ஆளு பரவால்லப்பா. தன்னையே கிண்டல் பண்ணிக்கிறான். யாரு அவன்?" இந்த ஜனத்துக்குப் போய்ப் பாடினேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

பொழுது சாயறப்ப பேரு படிச்சாங்க. ஆட்டுக்குட்டி போகுது இறுதிக்கு. ராணி ஜெப் இல்ல. ஹோலிஸ் என் பக்கத்துல வந்து உக்காந்தான். நான் சொன்னேன்ல, சொன்னேன்லன்னு குத்திக் காட்டுவான்னு பாத்தேன். "கடைசிச் சரணம் கேட்டேன் யூலின், சுத்தமா இருந்துச்சு"ன்னான். என் கொம்பக் கழட்டி அவன் மடியில போட்டேன்.

அந்நேரம் பாத்து மேடைக்குப் பின்னாடி வந்து நின்னாரு தலைவர். தனியா வந்தாரு. பொம்பளயும் இல்ல, கேமராவும் இல்ல.

"அம்மா! பிரமாதம்! என்னப் பத்தி யாரும் இதுவரைக்கும் பாடினதில்ல. அடுத்த வருஷமும் நீங்க பாடணும்."

"அடுத்த வருஷம் எனக்குத் தொண்ட கெடையாதுங்க," அப்படின்னேன். சத்தம் பாதிதான் வந்துச்சு. "அறுக்கப் போறாங்க. நான் பாடின கடைசிப் பாட்டு இதுதான். இந்தத் தீவுல எத்தன திருடன் இருக்கான், எத்தன கொலகாரன் இருக்கான். யார வேணா பாடியிருக்கலாம். பாடியிருந்தா இறுதிக்குப் போயிருப்பேன். போயும் போயும் உங்களப் பாடித் தொலச்சேன்."

அவரு தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா. மூணு மாசமா டிவியில எவ்வளவோ மூஞ்சி காட்டினாரு, அதுல ஒண்ணு கூட இப்படி இருந்ததில்ல. இது நெஜ மூஞ்சி.

"கடைசிப் பாட்டா? எனக்காகவா?" அப்படின்னாரு. "இதவிடப் பெரிய மரியாத எனக்கு யாருமே செஞ்சதில்லம்மா."

திட்டறதுக்கு வாயத் தொறந்தேன். வெறும் காத்துதான் வந்துச்சு. அவரு அத அழுகைன்னு நெனச்சுக்கிட்டு என் தோளத் தட்டிக் குடுத்தாரு.