செம்பனின் பல்

“நாய்க்கு யாரும்மா பல்லு வெளக்கி வுடுவாங்க?”

மகள் கலைவாணி சிறுமியாக இருந்தபோது ஏரிக்கரையில் நின்று கேட்டாள். இடுப்பளவு தண்ணீரில் இருந்த எல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வழியில்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால்தான் கவ்விக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் போனது. கடைவாய்ப் பல் சுரீரென்று இழுக்க, அவள் வாய் திறந்துகொண்டது. அன்றைய இறாலோடு பறி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் பக்கம் மிதந்தது. கரையில் கிடந்த நாய் செம்பன் நீந்திப் போய் அதைக் கவ்விக்கொண்டு வந்தது. யாரும் நம்பமாட்டார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கலைவாணி மீஞ்சூரில் வேலைக்குப் போகிறாள். செம்பனுக்கு வயதாகிவிட்டது. சில நாளாக எச்சில் ஒழுக, தின்னாமல், கிட்டே போனவர்களைப் பார்த்துச் சீறியது.

“வெறி புடிச்சிருக்குக்கா,” என்றார் நண்டு வாங்கும் ரியாசுதீன். “சாயங்காலம் வலையைப் போட்டு அடிச்சு முடிச்சுடலாம்னு பேசிக்கிறாங்க.”

எல்லம்மா எட்ட நின்று பார்த்தாள். வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். செம்பன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீர் குடித்தது. அவளும் ஒரு காலத்தில் கஞ்சியை அப்படித்தான் குடித்தாள்.

“இது பல்லுவலி பாய்.”

“உன் வாயிலயே ரெண்டு பல்லு காணோம். நீ இன்னா, நாய்க்குப் பல்லு டாக்டரா?”

“பல்லு போனவளுக்குத்தான் பாய் அந்த வலி தெரியும். சாயங்கால வலையை இப்பவே குடு. ஆட்டோவும் சொல்லு.”

அவர் முணுமுணுத்தார். ஆனாலும், “கைய வெச்சுடாதக்கா,” என்று வலையைத் தானே வீசினார்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் மார்கரெட் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து பார்த்தார். பெரிய பல் பிளந்து, சீழ் கண்ணுக்குக் கீழ் வரை ஏறியிருந்தது.

“கடிக்க என்ன குடுக்குறீங்க?”

“நண்டுக் கொடுக்கு மேடம். பல்லு கெட்டியாவும்னு நான்தான்...” ரியாசுதீனின் குரல் இறங்கிவிட்டது.

“அதுதான் உடைச்சிருக்கு. அந்தப் பல்லை எடுத்துடறேன். வெறி இல்லை, தடுப்பூசி மட்டும் போட்டுடறேன். புண் ஆறினதும் விரல்ல துணி சுத்தி தினமும் தேய்ச்சு விடுங்க. நம்ம பேஸ்ட் ஆகாது, முழுங்கிடும். பூனைக்கும் இப்படித்தான்.”

“எங்க வீட்டுப் பூனை வாயில விரல வெச்சா, அப்புறம் நண்டு எண்ண விரல் இருக்காது மேடம்,” என்றார் ரியாசுதீன்.

புண் ஆறியது. விடியற்காலையில், கரைக்கு யாரும் வருமுன், எல்லம்மா பறியைக் கீழே வைத்தாள். எல்லாம் பார்க்கிற கோயில் ஆத்தா ஒருத்தி பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, விரலில் ஈரத்துணியைச் சுற்றினாள். செம்பன் வாயைக் காட்டியது.

அன்று பறியைக் கவ்வி வந்த பல் எது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தேய்த்தாள்.