அடிமரத்தில் ஒரு பாட்டில்

அன்று காலை இருந்தவர்கள் நான், என் மனைவி, அவள் தம்பி ஏணி, என் தம்பி மகள், அவளுடைய பேராசிரியை. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவையும் சேர்த்தால் ஆறு பேர். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெருவில் நின்றார். தெருவில் நின்றவரை இருந்தவர் என்று நான் சேர்த்துக்கொள்வதில்லை. நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதால் நானே எழுதிவைக்கிறேன்.

எங்கள் கொல்லையில் ஒரு பூந்திக்கொட்டை மரம் இருக்கிறது. அதன் காய்த்தோலை ஊறவைத்துத்தான் என் மனைவி பட்டுத்துணி அலசுவாள். அந்த மரத்தில் நகத்தளவு சிவப்புப் பூச்சிகள் உண்டு. ஊசி மூக்கால் கொட்டையைத் துளைத்துப் பருப்பை உறிஞ்சுபவை. முடக்கத்தான் கொடியிலும் இதே மாதிரிப் பூச்சி இருக்கிறது. மூக்கின் நீளம்தான் வேறு. மரத்துப் பூச்சி கொடிக்குப் போகுமா, போனால் பிழைக்குமா என்பது தம்பி மகளின் ஆராய்ச்சி.

இருநூற்று நாற்பது பூச்சிகளின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி, வாரம் ஒருமுறை எண்ணி வந்தாள். அந்தத் திங்கட்கிழமை கடைசி எண்ணிக்கை. அது தவறினால் அடுத்த காய்ப்பு வரை காத்திருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "மரத்துக்கு நான் பொறுப்பு" என்று பேராசிரியையிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு யாரும் தலையைச் சொறிந்ததில்லை.

முதல்நாள் சாயங்காலம் அவள் ஆய்வகத்திலிருந்து போன் செய்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"பெரியப்பா, நான் வர லேட்டாகும். வெயில் ஏறுறதுக்குள்ள அடிமரத்துல எண்ணி வச்சிருங்க."

என் காதில் விழுந்தது 'எண்ண வச்சிருங்க'. எண்ணெயை எல்லோரும் வாயால் 'எண்ண' என்றுதானே சொல்கிறோம்? இன்றைய பிள்ளைகள் சொல்லில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். மீதியை நாம் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். எறும்பு ஏறாமலிருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஏணியிடம் விளக்கெண்ணெய் பாட்டிலைக் கொடுத்தேன். உயரம் ஆறடி இரண்டங்குலம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூசச் சொன்னேன்.

"அத்தான், எண்ணெய் வச்சா பூச்சி எப்படி மேல ஏறும்?"

"படிச்சவ சொல்றா. பூசு."

பூசினான். சருகுக்கடியிலிருந்து காலை வெயிலுக்கு மேலே ஏற வந்த பூச்சிகள் எண்ணெய் வரை வந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பறந்தன. எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

எட்டு மணிக்குத் தம்பி மகளும் பேராசிரியையும் வந்தார்கள். அவள் நோட்டும் கையுமாகக் கேட்டாள்.

"எத்தனை பெரியப்பா?"

"ஒரு பாட்டில். முழுசா."

அவள் மரத்தைப் பார்த்தாள். ஏணியின் பளபளக்கும் கைகளைப் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. சும்மா நோட்டைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு எரிச்சல், யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என் மனைவி, எண்ணெய்க்கு இதுதான் மருந்து என்று, ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் குண்டானோடு தூக்கி வந்தாள். தம்பி மகள் பாய்ந்து தடுத்தாள்.

"பெரியம்மா, அந்த நுரை பட்டா இருக்கிறதும் செத்துரும்."

அந்த நுரைக்குக் கொசுப்புழுவே தாங்காது, மூன்று வருடம் அதைத்தான் சோதித்தேன் என்று பேராசிரியை விளக்கினார். ஒரே மரம் துணிக்குச் சோப்பாகவும் பூச்சிக்குச் சோறாகவும் நஞ்சாகவும் இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தையற்காரம்மாவின் குரல் வந்தது.

"உங்க வீட்டுப் பூச்சிங்க நம்பர் போட்டுக்கிட்டு வந்து என் மெஷின்மேல வரிசையா உக்காந்திருக்கு. பரீட்சை எழுத அனுப்புனீங்களா?"

மூன்று வருடங்களுக்கு முன் அந்தம்மாவின் முடக்கத்தான் கொடி எங்கள் மதிலேறி வந்தது. நான் வெட்டினேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது எங்கள் பூச்சிகள் அந்தக் கொடிக்கும், ஜன்னல் வழியாகத் தையல் அறைக்கும் போயிருந்தன.

தம்பி மகள் என்னைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தவன் நான். சட்டையை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டு, தெரு வழியாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"உள்ள வரலாமா?"

"கத்தரிக்கோல் கொண்டு வரலையே?"

"இல்ல."

"அப்ப வாங்க."

தையல் மெஷினில் முப்பத்தொன்று. பாதி தைத்த ரவிக்கையில் பதினேழு. மற்றவை கொடியிலும் ஜன்னல் கம்பியிலும் மெத்தை மடிப்பிலும் இருந்தன. அங்கே இடம் போதாமல், மெத்தையைப் பின்னாலேயே வந்த ஏணியும் நானும் எங்கள் முற்றத்துக்குத் தூக்கி வந்து, எல்லோரும் குனிந்து தேடினோம். என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வோர் எண்ணாக நான் வாசிக்க, தம்பி மகள் எழுதினாள். நூற்றுப் பதினான்கை நான் இரண்டு தடவை வாசித்ததாகத் தையற்காரம்மா கண்டுபிடித்தார். அது உண்மை, திருத்திக்கொண்டோம். பகல் பன்னிரண்டுக்கு முடிந்தபோது, மரத்தில் மிஞ்சியவற்றையும் சேர்த்து இருநூற்றுப் பதினொன்று.

பூச்சிகள் கொடிக்குப் போனதை ஆதாரமாகக் காட்டலாமே என்றேன்.

"எண்ணெய வச்சு விரட்டினா நான்கூடத்தான் கொடியில ஏறுவேன்" என்றார் பேராசிரியை. ஆனால் உயிரோடு இருப்பவற்றின் எண்ணிக்கை செல்லும், நடந்ததைக் குறிப்பில் சொல்லிவிட்டால் போதும் என்றார். தம்பி மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

'தவறுதலாக எண்ணெய் பூசப்பட்டது' என்று எழுதினாள். யார் பூசச் சொன்னது என்று எழுதாமல் விட்டால் பழி ஏணியின் தலையில் விழும். 'மரத்தின் சொந்தக்காரர் சொன்னபடி' என்று சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். அச்சான கட்டுரையிலும் அப்படியே இருக்கிறது.

இனி அந்தச் சிலிண்டர்காரர் விஷயம். முற்றத்தில் மெத்தையைச் சுற்றி நாங்கள் குனிந்திருந்ததை அவர் தெருவிலிருந்து பார்த்தார். எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிவருகிறார். எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி கிடையாது. அது பூந்திக்கொட்டைப் பூச்சி. மெத்தையும் எங்களுடையது அல்ல.