வாசல் வெளிச்சம்

"விரல் இடுக்குல இன்னும் வெள்ளை தெரியுதுடி. நல்லா தேய்" என்றாள் அம்மா.

மகள் அப்பாவின் சில்லிட்ட கையை மடியில் வைத்து, அவருடைய கலர் க்ரீமையே எடுத்துப் பூசினாள். வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது என்று தோல் டாக்டர் சொன்னதை அப்பா நம்பினார், அவருடைய கடை வாடிக்கையாளர்கள் நம்பவில்லை. அப்புறம்தான் முழுக்கைச் சட்டையும் இந்த டப்பாவும் வந்தன.

"மாப்பிள்ளை வீட்டார் துக்கத்துக்கு வந்துட்டாங்க. உன் கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது."

அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். போன மாதம் மகளின் முழங்கை மடிப்பிலும் ஒரு வெள்ளைப் பொட்டு வந்திருந்தது. அதை அப்பாவிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

"சீக்கிரம் டாக்டரைப் பாரு. மருந்து, லைட் சிகிச்சைன்னு என்னென்னவோ இருக்கு, பரவாம பிடிச்சு வைக்கலாம். மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடு. சரக்கை மறைச்சு விக்கக் கூடாது" என்றார் அப்பா அன்று.

"நான் என்ன சரக்காப்பா?"

"நீ இல்ல. அவன் அப்படி நினைச்சா வேற கடை பாக்கட்டும்."

அவள் இன்னும் சொல்லவில்லை.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணன் இவ்வளவு ஒரே கலரா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றவர், சிரிக்க வந்து அழுதார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் வாசல் பந்தலுக்கு வெளியே வைத்தார்கள். வெயில் பட்டதும் அப்பாவின் கைகள் செங்கல் நிறத்தில் தெரிந்தன. உதட்டோரம் துருப்பிடித்தது போலிருந்தது. முன்னால் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

நூலும் லைனிங் துணியும் விற்ற மனிதர். "டியூப் லைட் பொய் சொல்லும்மா, வாசலுக்கு வந்து பாருங்க" என்று வாடிக்கையாளரை வெளியே அழைத்துப் போய்க் காட்டாமல் ஒரு கண்டு நூல்கூட விற்றதில்லை. அவருக்கு டியூப் லைட்டில் கலர் பார்த்துப் பூசியிருக்கிறார்கள்.

"சட்டைக் கையை இழுத்து விடுடி" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

மகள் உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பழைய வெள்ளை மெல்ல மெல்ல வெளியே வந்தது. துணி காய்ந்துவிட, பக்கத்தில் யாரோ சொம்பு நீட்டினார்கள். மாப்பிள்ளை.

தன் சுடிதார் நனையாமலிருக்க அவள் அதன் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள்.

சொம்பு பாதி சாய்ந்தபடியே நின்றது. அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை, துணியை வெயிலில் நீட்டியே பிடித்திருந்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.