நொச்சிக் காவலன்

என் கணவர் வேல்ராஜ் கொசுவின் மீது போர் தொடுத்தது போன சித்திரையில். அதற்கு முன்பு முருங்கைப் பொடி, அதற்கும் முன்பு பனங்கற்கண்டு மிட்டாய் என்று இரண்டு போர் நடத்தியிருந்தார். இரண்டிலும் சேதம் எங்கள் பக்கம்தான்.

இந்த முறை ஆயுதம் நொச்சி. இலையைக் காய்ச்சி, வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, பாட்டிலில் அடைத்து, 'நொச்சிக் காவலன்' என்று லேபிள் ஒட்டினார். லேபிளில் மீசைக்கார வீரன் ஒருவன் கொசுவை ஈட்டியால் குத்துவான். வீரனுக்கு இவருடைய சாயல். கீழே, 'மாலையில் தடவவும்.' உள்ளதைச் சொல்ல வேண்டும், எண்ணெய் மோசமில்லை. தடவிய இடத்தில் கொசு கொஞ்ச நேரம் உட்காராது. பக்கத்தில் மனுஷரும் உட்கார மாட்டார்கள்.

சாயல்குடிப் பக்கம் நொச்சி வேலியோரம் தன்பாட்டுக்கு நிற்கிற செடி. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இவர் ஊற்றினார். எண்ணெய் வாங்க வருகிறவர்களுக்குத் தோட்டம் பச்சையாகத் தெரிய வேண்டுமாம். குழாயில் தண்ணீர் அதுவாக நினைத்தால்தான் வரும் ஊர் இது. அதனால் கொல்லையில் நீல டிரம்களை வரிசையாக வைத்து நிரப்பினார். மூடி போடச் சொன்னேன்.

"வெயில் படணும் யுவராணி. அப்பத்தான் தண்ணிக்கு உசுரு இருக்கும்" என்றார்.

உசுரு வந்தது. ஒரே வாரத்தில் டிரம்முக்குள் புழுக்கள் நெளிந்தன.

கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் ஜாபர் சாதிக் டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, இது டெங்குக் கொசுப் புழு. கொட்டிருங்க, இல்லாட்டி மருந்து ஊத்துறேன்."

"கெமிக்கலா? மூலிகைக்கு ஊத்துற தண்ணியிலயா? ஊருக்கே கொசுவ வெரட்டுறவன் நான். போயிட்டு வாங்க தம்பி." கையில் ஒரு பாட்டிலையும் கொடுத்து அனுப்பினார்.

கொட்டுகிற பேச்சே எங்கள் சீமையில் கிடையாது. தண்ணீரைக் கொட்டுகிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்பார்கள். புழு விழுந்தால் வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்வார்கள்.

ஆவணியில் எங்கள் மகள் மதுமதிக்குக் காய்ச்சல் வந்தது. தினமும் சாயங்காலம் அப்பாவின் எண்ணெயைப் பூசிக்கொள்கிற பிள்ளை. டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்று ஈட்டிக்கார வீரனுக்கு யாரும் சொல்லவில்லை. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில், பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். அவள் ஈறில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தபோது என் கேலியெல்லாம் வற்றிப்போயிற்று. கும்பிடாத சாமி இல்லை. இவரும் மகளைப் பார்த்துத் தேம்பி அழுதார். அழுகைக்கு நடுவே, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் நொச்சியின் குணங்களையும் சொன்னார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்த கையோடு கொல்லைக்குப் போய் முதல் டிரம்மை எத்திச் சாய்த்தேன். எங்கள் தெருவில் சாவுமேளத்துக்குக்கூட ஆட்கள் மெதுவாகத்தான் வருவார்கள். தண்ணீர் மண்ணில் ஓடுகிற சத்தத்துக்கு ஓடி வருவார்கள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் மதினி குடத்தோடு வந்தார். "ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? தண்ணியவா கொட்டுறே?"

"அம்புட்டும் புழு மதினி! இதுலதான் எம்புள்ள சாகக் கெடந்துச்சு!"

"புழுவ வடிகட்டிக்கிறலாம். தண்ணி கெடைக்குமா?"

பின்னாலேயே தெரு முழுக்க வந்தது. இரண்டாவது டிரம்மை நான் நெருங்குவதற்குள் என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். மிச்ச டிரம்களை அடிவரை மொண்டார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தண்ணீரும் புழுவும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"பாவம், புள்ளைக்கு முடியாமப் போனதுல மனசு ஒடைஞ்சுபோச்சு" என்று எனக்காக இரக்கப்பட்டார்கள்.

அடுத்த வாரம் தெருவெங்கும் கொசு. நொச்சிக் காவலன் ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்தது.

"பாத்தியா? சனங்களுக்கு இப்பத்தான் மூலிகையோட அருமை புரியுது" என்றார் இவர்.

பஞ்சம்மாள் மதினி மட்டும் வாங்க வரவில்லை. சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.