டேலியாப் பெட்டியில் ப்ரெபென்

ப்ரெபென் ஸ்கோவ் ஒவ்வோர் ஆண்டும் முதல் உறைபனி விழுந்த மறுநாள், குளிருக்குப் பத்திரமாகத் தோண்டியெடுத்த டேலியாப் பூச்செடிக் கிழங்குகளோடு பெட்டிக்குள் படுத்துவிடுவார். பட்டாணி விதைக்கும் பருவத்தில்தான் எழுந்திருப்பார். ஆல்போர்க் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி நகரவாசிகளுக்கு வாடகைக்கு விடும் சங்கத் தோட்டங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வருடம், நவம்பரில், தன் தோட்டத்து மரக்குடிலில் கிழங்குகளை மண் உதிர்த்து அடுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே அவற்றின் நடுவே சாய்ந்து தூங்கிப்போனார். மனைவி ராக்னா முதலில் உலுக்கிப் பார்த்தாள், பிறகு காதருகே பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தாள், பிறகு மருத்துவரை அழைத்துவந்தாள். மருத்துவர் நெடுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் அடிக்கிறது, ஆனால் அவசரமில்லாமல் அடிக்கிறது என்றார். உடம்பில் ஒரு குறையுமில்லை, கிழங்குகளை எப்படி வைப்பீர்களோ அப்படியே இவரையும் வையுங்கள், சூடு பட்டால் முன்னதாகவே முளைத்துவிடுவார், ஈரம் மிஞ்சினால் கெட்டுப்போவார் என்று சொல்லி, தன் வீட்டு டேலியாக்கள் ஏன் பூப்பதில்லை என்று ராக்னாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ராக்னா தச்சரிடம் சொல்லி நீளமாக ஒரு பெட்டி செய்வித்தாள். அடியில் உலர்ந்த மணல், அதன்மேல் ப்ரெபென், சுற்றிலும் கிழங்குகள், மேலே வைக்கோல், எலி வராமலிருக்கக் கம்பிவலை. மாதம் ஒருமுறை வந்து, அழுகிய கிழங்கைப் பொறுக்கி எறிந்து, கணவரின் முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு நகரத்துக்குத் திரும்புவாள். பட்டாணிப் பருவம் நெருங்கும்போது பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்துவைத்தால் அவர் எழுந்துவிடுவார். முதல் குளிர்காலம் முழுக்க அழுதாள். இரண்டாவதில் பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். மூன்றாவதில் கட்டிலின் குறுக்கே படுக்கப் பழகினாள். பூண்டை அள்ளிப் போட்டுச் சமைத்தாள். வானொலியை அண்டை வீட்டார் சுவரைத் தட்டும் அளவுக்குச் சத்தமாக வைத்தாள். பிறகு வந்த கிறிஸ்துமஸ்களில் வாத்து வறுக்கும் வேலையையே விட்டுவிட்டு, ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் தட்டில் போட்டு, தட்டை மடியில் வைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டாள். ப்ரெபென் நல்ல மனிதர்தான். ஆனால் விழித்திருக்கும்போதெல்லாம் எதைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும், அது வாய்க்குள் தங்காது.

இந்தக் கதை நடந்த ஆண்டில் குளிர்காலம் சீக்கிரமே விடைபெற்றுவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் பனி உருகி, செடிவேலியின் அடியில் மஞ்சள் பூக்கள் தலைகாட்டின. ராக்னாவின் கைகள் வீட்டில் நிற்கவில்லை. முட்டை அட்டைகளில் உருளைக்கிழங்கை முளைகட்ட ஜன்னலோரம் வைத்துவிட்டு, கத்தரியையும் ரம்பத்தையும் எண்ணெயிட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். எருக்குழியைப் புரட்டிவிட்டாள், அதிலிருந்து ஆவி எழும்பியது. கண்ணாடிக் குடிலின் பாசியைச் சோப்புப்போட்டுத் தேய்த்தாள். முளைவிட்டிருந்த ருபார்ப் கீரையின் தண்டு இருட்டில் சீக்கிரம் நீளட்டுமென்று அதன்மேல் வாளியைக் கவிழ்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி சோல்வை, விதவை, ரப்பர் காலணியோடு வந்து நின்று, “பெட்டிய இன்னும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரலையா?” என்று கேட்டாள். நாளைக்கு என்றாள் ராக்னா. மறுநாளும் அதையே சொன்னாள். மண்ணில் முழங்காலிட்டு, யாரும் ‘இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா’ என்று சொல்லாமல் மொச்சை விதை ஊன்றுவது எத்தனை சுகம் என்று அவளுக்கு அந்த வருடம்தான் தெரிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று பெட்டியை இருட்டிலேயே விட்டுவைத்தாள்.

அப்படி விட்டுவைத்ததில்தான் அது விகோ தோருப்பின் கண்ணில் பட்டது. விகோ சங்கத்தின் புதுத் தலைவர், ப்ரெபெனின் பெட்டியைப் பற்றி இன்னும் கேள்விப்படாதவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தோட்டத்து விதிகளை மனைவி மக்கள்போல நேசித்தவர். தண்ணீர்க் குழாய்களைத் திறப்பதற்குமுன் விரிசல் பார்க்க ஒவ்வொரு குடிலாக நுழைந்தவர், ராக்னாவின் குடிலில் வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஆள் சாகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு ராக்னாவைத் தேடிப் போனார்.

“ஏப்ரலுக்கு முன்னாடி யாரும் இங்க தங்கக்கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும். அவர் தங்கல. நான் வச்சிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“முட்டைக்கோச வச்சிருக்கேன். அது தங்கியிருக்குன்னு சொல்வீங்களா?”

விகோ இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே போனார். கிடைக்கவில்லை, ஆகவே பொதுக்கூட்டம் கூட்டினார். விதி மீறப்பட்டதாக முடிவானால் ஸ்கோவ் தம்பதி தோட்டத்தைக் காலி செய்ய வேண்டும். சங்கக் கட்டடத்தில் எல்லோரும் காப்பியும் பட்டைப்பொடி தூவிய ரொட்டியுமாக உட்கார்ந்து, ஈரக் கோட்டுகள் மணக்க மணக்க விவாதித்தார்கள். குளிரில் கிடந்து, தண்ணீர் மட்டும் குடித்து, வெயிலுக்கு எழுந்திருக்கிற எதுவும் செடிதான் என்றாள் சோல்வை. செடி என்றே வைத்துக்கொள்வோம், ஆளுயரத்துக்குமேல் எதையும் வளர்க்கக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது, ப்ரெபென் என்னைவிட ஒரு சாண் உயரம் என்றார் விகோ. படுத்திருக்கிறவரின் உயரம் தொப்பை வரைக்கும்தான் என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னதைக் குறிப்பில் ஏற்றுவதா வேண்டாமா என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில், சம்பந்தப்பட்டவரே எழுந்துவந்து தான் தங்கினாரா, வைக்கப்பட்டாரா என்று சொல்லட்டும் என்று ஒத்திவைத்தார்கள்.

ராக்னா அன்று மாலையே பெட்டியை இழுத்து வெளிச்சத்தில் வைத்தாள். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் இமை துடிக்கும், பிறகு கொட்டாவி, பிறகு அபிப்பிராயம். இம்முறை ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலிருந்த டேலியாக் கிழங்குகள்கூடச் சிவந்த முளை காட்டிவிட்டன. எல்லோர் தோட்டத்திலும் பட்டாணி ஊன்றியாயிற்று. நெஞ்சில் காதை வைத்தால் சத்தம் கேட்டது. ஆனால் அடுத்த சத்தத்துக்குக் காத்திருக்கும்போது அவளுக்குத் தன் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. இருட்டிலேயே அதிகநாள் வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்; யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. பூண்டு உரிக்கவில்லை. கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும் ஒடுங்கிப் படுத்தாள்.

எழ மறுக்கும் கிழங்குக்கு என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். சோல்வையின் உதவியோடு தள்ளுவண்டியில் ஏற்றிப்போய், கண்ணாடிக் குடிலின் வெதுவெதுப்பான பாத்தியில், மக்கிய எருவைக் கலந்து, ப்ரெபெனைக் கழுத்தளவு நட்டாள். சேதி பரவி ஆட்கள் வந்தார்கள். ஒருவர் எலும்புத்தூள் போடச் சொன்னார், ஒருவர் கடற்பாசிச் சாறு. விகோவும் வந்து, விதிகளைப் பற்றி ஒன்றும் பேசாமல் குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் ஆழமா நட்டுட்டீங்க. தோளு வெளிய தெரியணும்.”

ராக்னா மண்ணை விலக்கினாள். “உங்க கூட்டத்துக்குத்தான் வரவேண்டியிருக்குன்னு பயந்துகிட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாரோ என்னமோ.”

“அதுக்கென்ன, அவசரமில்ல” என்றார் விகோ. அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சொல் அது. ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து ப்ரெபெனின் தோளில் போர்த்திவிட்டுப் போனார்.

சோல்வை மட்டும் கிளம்பாமல் நின்றாள். “எழுந்தார்னா, ஒரு துண்டு வெட்டிக் குடுப்பியா? என் தோட்டத்துல நட்டுப் பாக்கிறேன்.”

“எந்தத் துண்டு வேணும் உனக்கு?”

“பேசாத துண்டு எதுவா இருந்தாலும் சரி.”

பல நாளுக்குப் பிறகு ராக்னா சிரித்தாள். சிரித்ததும் அழுகை வந்தது. ஈரக் கண்ணோடு வெளியே வந்தவளின் பார்வையில் கண்ணாடிக் குடிலின் எதிரேயிருந்த ஆப்பிள் மரம் பட்டது. தெற்குப் பக்கம் ஒரு தடித்த கிளை. பாத்தியில் வெயில் விழவிடாமல் மறிக்கும். அதை வெட்ட வேண்டுமென்று அவள் சொல்லாத வசந்தம் இல்லை, கூடாதென்று ப்ரெபென் தடுக்காத வசந்தமும் இல்லை. மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டன. வெட்டுவதென்றால் இனித் தள்ளிப்போட முடியாது. அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. குளிர்காலமெல்லாம் தூங்குவது போதாமல் இப்போது வசந்தத்தையும் தூங்கிக் கழிக்கப் பார்க்கிறாரே என்று வந்த கோபம். ரம்பத்தை எடுத்தாள், ஏணியைச் சாத்தினாள், கதவு திறந்திருந்த கண்ணாடிக் குடிலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

“ப்ரெபென், தெக்குக் கிளைய வெட்டப் போறேன்.”

ரம்பம் மரப்பட்டையைக் கடித்தது. மரத்தூள் அவள் காலணிமேல் உதிர்ந்தது. பாதி அறுத்திருப்பாள்.

“அதுல கை வைக்காதே” என்றது ஒரு கரகரத்த குரல்.

ராக்னா ஏணியிலேயே அசையாமல் நின்றாள். பிறகு மீதிக் கிளையையும் அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் கீழே இறங்கி ஓடினாள். ப்ரெபென் கண்ணைத் திறந்திருந்தார். புருவங்களில் மண். வலது காதின் பின்னால் சின்னதாக ஒரு சிவந்த தளிர்.

“வெட்டிட்டியா?”

“வெட்டிட்டேன்.”

“கேக்கவே மாட்டியா நீ? இனி அந்த மரம் காய்ச்ச மாதிரிதான்.” கொஞ்சம் யோசித்தார். “வெயில் நல்லாத்தான் விழுது.”

அவள் மண்ணோடு மண்ணாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் மேலங்கியால் துடைத்தாள். “இவ்வளவு நாளா வாயத் திறக்காம கிடந்தியே, பாவி.” அவரோ எருவில் வைக்கோல் அதிகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். காதுக்குப் பின்னாலிருந்த தளிரைக் கிள்ளிவிட்டாள். கிள்ளினால் இன்னும் அடர்த்தியாக அல்லவா வளரும் என்று பிறகு அவரே கடிந்துகொண்டார்.

பொதுக்கூட்டத்தில் ப்ரெபென் எழுந்து, தான் தங்கவும் இல்லை, வைக்கப்படவும் இல்லை, குளிர்காலம் முழுக்கக் குழாய்கள் உறையாமல் காவலிருந்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை, ஆனால் அந்த வரிசையில் ஒரு குழாயும் வெடித்திருக்கவில்லை என்பதை விகோவே ஒத்துக்கொண்டார். உலர்ந்த மணலில் கிடப்பது தங்குவதாகாது என்று விதியில் ஒரு வரி சேர்த்துக் கையுயர்த்தி நிறைவேற்றினார்கள்.

கோடை போயிற்று, டேலியாக்கள் தட்டளவு பூத்துக் கருகின, உறைபனி விழுந்தது. மறுநாள் ராக்னா பெட்டியில் மணல் பரப்பிக்கொண்டிருந்தபோது, விகோ தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நவம்பர் எப்போதுமே தனக்குக் கொஞ்சம் நீளமாகப் படுவதாகவும், இடமிருந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றும் தரையைப் பார்த்துச் சொன்னார். ராக்னா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கணவரைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். ப்ரெபென் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். இருவர்மேலும் வைக்கோலைப் போட்டு, வலையைக் கட்டிவிட்டு, அன்று சாயங்காலப் பாட்டுப் பயிற்சிக்கு நேரத்தோடு போய்ச்சேர்ந்தாள்.

வசந்தத்தில் அவள் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. பட்டாணி விதைக்கிற வாரத்திலேயே ப்ரெபெனை எழுப்பி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அதன்பின் டேலியாக்களைத் தொட்டிக்கு மாற்றினாள். விகோவை மட்டும் பெட்டியில் விட்டுவைத்தாள். ஏப்ரல் போய் மே வந்து, சங்கத் தோட்டங்களில் எல்லோரும் விதிகளை மறந்து நேரங்கெட்ட நேரத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டும், வேலியைத் தாண்டிக் கத்திப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருநாள் சோல்வை தண்ணீர்ப் பூவாளியோடு போகிறபோது தலைவர் எங்கே என்று கேட்டாள்.

“அவர் கொஞ்சம் லேட்டா பூக்கிற ரகம்” என்றாள் ராக்னா.

சோல்வை தலையாட்டிக்கொண்டு தன் தக்காளிச் செடிகளைப் பார்க்கப் போனாள்.