பன்னிரண்டு சதவீதம்

இருபத்திரண்டு வருடம் நான் பாடவில்லை. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வாயைத் திறக்கிற இடத்தில் நீ ஒருத்திதான் மூடிக்கொண்டிருக்கிறாய் என்று என் மகள் சொல்வாள். அவளுக்கு வாய் நீளம். யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் நான் பாடகி. பாட்டையும் நானே எழுதி, மெட்டையும் நானே போட்டு, கிதாரையும் நானே வாசித்துக்கொண்டு பாடுவேன். அதில் ஒரே ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராத ஒருவனை வறுத்தெடுக்கும் பாட்டு. குடைப் பாட்டு என்றால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நிறுத்தியதற்கு நான் சொன்ன காரணம், கைக்குழந்தையாக இருந்த மகள். தாய்மை, தியாகம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. அத்தனையும் பொய். உண்மை என்னவென்றால், குடைப் பாட்டை என்னால் பாட முடியவில்லை. கேசட்டில் அது ஆறு கட்டைச் சுருதியில் இருக்கிறது. மூன்றாவது சரணத்தில் 'உன் குடைக்குள்ளேதான் நான் நனைந்தேன்' என்று ஒரு வரி. அந்த 'நனைந்தேன்' உச்சிக்குப் போய் அங்கே நிற்க வேண்டும். கேசட்டில் நிற்கிறது. மேடையில் நான்கு வருடம் அதைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். கடைசிக் கச்சேரியில் பாதி வழியிலேயே கீச்சென்று கத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. நான் உருகி அழுகிறேன் என்று நினைத்த கூட்டம் எழுந்து நின்று மீதியைப் பாடி முடித்தது. மறுநாள் காலை நான் தாயாகிவிட்டேன்.

சுருதியை இறக்கியிருக்கலாமே என்பீர்கள். கேசட்டில் எப்படியோ அப்படித்தான் வாசிப்பேன் என்று கீபோர்டுக்காரர் நின்றார். அவர் மேல் பழி போடுவானேன், எனக்கே திமிர். ஸ்டூடியோவில் ஒரே தடவையில் பாடிய பாட்டை மேடையில் இறக்கிப் பாடினால் மானம் போகாதா? குரல் போய்விட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கட்டிய கணவரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

கணவர் அப்போது ரெக்கார்டிங் இன்ஜினியர். குடைப் பாட்டைப் பதிவு செய்தவரே அவர்தான். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். ஸ்டூடியோவை மூடிய பிறகு காது கேட்கும் கருவி விற்கும் கடை வைத்தார். இடது காதில் அவருக்கும் ஒன்று உண்டு. நான் திட்டத் தொடங்கினால் அதை அணைத்துவிடுவார். மற்றபடி பரம சாது. அவருக்கு இருக்கிற ஒரே வியாதி எழுதுவது. டேப் பெட்டி மேல் தேதி, நேரம், வேகம் எல்லாம் எழுதிவைப்பது அவர்கள் தொழில் பழக்கம். வீட்டில் டேப் இல்லாததால் சமையலறை டப்பாக்கள் மேல் எழுதுகிறார். 'உப்பு. திறந்தது செவ்வாய்.' 'மிளகாய்த் தூள். மூடி சரியில்லை, அமுக்கவும்.' எல்லாம் குண்டு குண்டான எழுத்து. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு நாள் காலை பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டேன். கன்னம் வீங்கிய ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும்.

“நீங்க... குடைப் பாட்டுதானே?”

வலியில் உளறுகிறாள் என்று உள்ளே அனுப்பினேன். கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டே திரும்பி வந்தாள். பாட்டுகளைத் தயாரித்து வெளியிடும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறாளாம். என் குரலை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாளாம். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஒரு மணி நேரமும் பேசினாள். கடைசியில் நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டோக்கன் அட்டைகளின் பின்பக்கம் அவ்வப்போது எழுதிவைத்த பாட்டுகள் நாற்பது இருக்கின்றன என்று உளறிவிட்டேன்.

பத்துப் பாட்டை ரெக்கார்டு செய்வது, பதினோரு ஊரில் கச்சேரி என்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கச்சேரியும் குடைப் பாட்டில்தான் முடிய வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். ஈயத் தகடு அடித்த கதவு. கதிரே வெளியே போகாது, என் குரலா போய்விடும் என்று நினைத்தேன்.

“உள்ள யாருக்கோ மரத்துப்போற ஊசி போடாமப் பல்லப் புடுங்குற மாதிரி சத்தம் வருதே” என்றார் டாக்டர்.

சரி, அந்த வரி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். நாலு பாட்டு ஓடியவர்கள் எல்லாம் செய்கிற காரியம்தான். பதினோரு ஊரிலும் அப்படியே ஒப்பேற்றிவிடலாம். ஆனால் அந்தத் திட்டம் எனக்கே பிடிக்கவில்லை. திரும்பி வந்ததே பாடத்தானே?

புதுப் பாட்டுகள் ஒன்பது நாளில் முடிந்துவிட்டன. எல்லாம் ஐந்து கட்டை, அதற்கும் கீழே. குரல் செல்லப் பிள்ளை மாதிரி சொன்னதைக் கேட்டது. பத்தாவது நாள் தயாரிப்பாளர் ஒரு பழைய டேப்போடு வந்தாள். குடைப் பாட்டின் முதல் டேப். பழைய கம்பெனியின் கிடங்கில் தேடி எடுத்தாளாம். சுத்தம் செய்து புதுத் தொகுப்பின் கடைசியில் சேர்க்கப் போகிறாளாம். மெஷினில் மாட்டி ஓடவிட்டாள்.

யாரோ ஒரு பெண் பாடினாள். அவசரமே இல்லாத, கனமான குரல்.

“யாரும்மா இது? நல்லாப் பாடுறாளே.”

“நீங்கதான் மேடம்.”

“மெஷின் மெதுவா ஓடுது, பாரு.”

“மெஷின் சரியாத்தான் ஓடுது. நீங்க இந்தப் பெட்டியப் பாருங்க” என்று டேப் பெட்டியை நீட்டினாள். அவள் முகத்தில் எங்கே ஓடி ஒளிவது என்ற கவலை தெரிந்தது.

பெட்டி மேல் குண்டு குண்டாக எழுதியிருந்தது. 'குடைப் பாட்டு. 4 நிமிடம் 24 விநாடி. வானொலிக்கும் கேசட்டுக்கும் போனது 3 நிமிடம் 55 விநாடி. வேகம் 12 சதவீதம் அதிகம். பாடியவருக்குத் தெரிய வேண்டாம்.'

டேப்பை வேகமாக ஓட்டினால் பாட்டின் நேரம் குறையும், சுருதி ஏறும். ஐந்து கட்டை ஆறு கட்டையாகிவிடும். பல் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் இருந்தாலும் அது எனக்குத் தெரியாதா? கேசட்டைக் கேட்டபோது குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது. அன்று சளி பிடித்திருந்தது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். சுருதியை ஏற்றுவதற்காகக் கிதார் கம்பியின் மேல் மாட்டுகிற கிளிப்பை அன்று மாட்டிப் பாடினேனா, மாட்டாமல் பாடினேனா என்பதும் ஞாபகம் இல்லை. கேசட் சொல்வதை நம்பி, மேடையில் அதை இரண்டாவது படியில் மாட்டிக்கொண்டேன். பாடாத சுருதியைப் பாடினேன் என்று நினைத்து நான்கு வருடம் செத்தேன்.

டேப்பில் மூன்றாவது சரணம் வந்தது. 'நனைந்தேன்' சிரமமே இல்லாமல் ஏறிப் போய் நின்றது. நான் கிதாரை எடுத்து அதோடு சேர்ந்து பாடினேன். இருபத்தாறு வயதுக்காரியும் ஐம்பத்திரண்டு வயதுக்காரியும் ஒரே இடத்தில் போய் நின்றோம். குரல் எங்கேயும் போகவில்லை. அழுதேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓவென்று அழுதேன். அதன் பிறகு கோபம் வந்தது.

வீட்டுக்குப் போனபோது அவர் புதிதாக வாங்கிய சர்க்கரை டப்பாவில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். கை மெல்ல இடது காதுக்குப் போனது.

“அதை அணைச்சீங்கன்னா காதோட சேர்த்துப் பிடுங்கிடுவேன்.”

கையைக் கீழே போட்டார்.

“நாலு நிமிஷத்துக்கு மேல இருந்தா போட மாட்டோம்னு வானொலில சொல்லிட்டாங்க. மூணாவது சரணத்த வெட்டலாமான்னு உன்னக் கேட்டேன். அதுக்கு நீ என்ன சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“வெட்டுறதா இருந்தா உங்க கைய வெட்டிக்குங்கன்னு சொன்ன.”

சொல்லியிருப்பேன். சொல்லக்கூடியவள்தான்.

“அப்புறம் அப்படியே போட ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, அப்ப அது?”

“பொய். ஒரு வாரத்துல சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள பாட்டு எங்கயோ போயிடுச்சு. அப்புறம் நமக்குக் கல்யாணம். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“ஊருக்கெல்லாம் காதுல மெஷின் மாட்டிவிடுற மனுஷன், பெண்டாட்டிக்குக் காது குத்தியிருக்கீங்க. அந்தச் சுருதி எட்டாமத்தான் நான் பாட்டையே விட்டேன், தெரியுமா?”

அவர் முகம் வெளுத்துப்போனது. “பாப்பாவுக்காகன்னு சொன்னியே.”

“பொய்.”

அப்போதுதான் கதவருகில் மகள் நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“அப்ப நான் காரணம் இல்லையா?” என்றாள்.

அவர் சர்க்கரை டப்பாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

“என்னாலதான் அம்மா பாட்ட விட்டாங்கன்னு நெனச்சு, அந்தக் குற்ற உணர்ச்சியில நான் எத்தன வருஷமா பாத்திரம் கழுவிட்டிருக்கேன் தெரியுமா? இனிமே நீங்க ரெண்டு பேரும் கழுவுங்க.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுதாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. கேட்டேன். பாத்திர விஷயத்தில் மட்டும் அவள் இறங்கி வரவே இல்லை.

கணவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஆனால் ஊர் ஊராக வேன் ஓட்ட அவர்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது, கடைக்கு விடுப்பும் விட்டாயிற்று. அதனால் வேனில் ஏறியதும் மகளிடம், “டிரைவர்கிட்ட ஏசியக் குறைக்கச் சொல்லு” என்பேன். மண்டபத்துக்காரர் இவர் யார் என்று கேட்டபோதும், “டிரைவர்” என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். வேனில் ஏறி ஏசியைக் குறைத்தார்.

முதல் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அறுநூறு நாற்காலி, அவ்வளவும் நிறைந்துவிட்டது. புதுப் பாட்டுகளைக் கூட்டம் மரியாதையாகக் கேட்டது, வந்த வீட்டில் கொடுக்கிற காபியைக் குடிப்பது போல. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் கிதாரை மாற்றிக்கொண்டு, கம்பி மேல் இருந்த கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஐந்து கட்டை. முதல் வரியிலேயே முன்வரிசையில் ஒரு சின்னச் சலசலப்பு. கேசட்டோடு சேர்ந்து பாடிப் பழகியவர்கள் சேர்ந்து பாட வந்து, இடம் தெரியாமல் தடுமாறினார்கள். நான் நிற்கவில்லை.

மூன்றாவது சரணம் வந்தது. மைக்கை யார் பக்கமும் நீட்டவில்லை. 'நனைந்தேன்' தானாக ஏறிப் போய், நின்று, எனக்கு வேண்டிய மட்டும் இருந்துவிட்டு இறங்கியது. மண்டபத்தின் பின்னால் சவுண்ட் மேஜைக்குப் பக்கத்தில் டிரைவர் நின்றிருந்தார். காதுக் கருவியை அணைக்கவில்லை, அதன் பின்னால் கையைக் குவித்துப் பிடித்திருந்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பது போல.

முடிந்த பிறகு வாசலில் கையெழுத்து வரிசை. என் வயதுக்காரர் ஒருவர் பழைய கேசட் அட்டையை நீட்டினார். மடித்து மடித்துக் கிழிய இருந்தது.

“நல்லாப் பாடுனீங்கம்மா. சுருதிய ஒரு கட்டை இறக்கிட்டீங்க போல. வயசானா இறங்கத்தான செய்யும், பரவால்ல. அந்தக் காலத்துல என்ன ஒரு ஒசரம்!”

நல்ல பதில் நாக்கின் நுனியில் நின்றது. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இறக்கல.”

டிரைவர். வாழ்நாளில் வரிசையில் நிற்கிறவர்களோடு பேசி அறியாத மனிதர்.

“கேசட்டுலதான் ஏத்தியிருக்கு. நான்தான் ஏத்துனேன், மெஷின்ல. இவங்க அன்னிக்கும் இங்கதான் பாடுனாங்க, இன்னிக்கும் இங்கதான் பாடுறாங்க. குரல் ஒரு மயிரிழைகூட இறங்கல.” காது மந்தமானவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. மண்டபத்துக்கே கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் காது நுனிவரை சிவந்து நின்றார்.

“சும்மா சொல்லாதீங்க” என்றார் அட்டைக்காரர்.

நான் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பிறகு பேனாவைத் திருப்பிப் பின்னால் நீட்டினேன். டிரைவர் வாங்கிக்கொண்டார். குனிந்து, என் கையெழுத்துக்குக் கீழே நிதானமாக, குண்டு குண்டாக எழுதினார். 'வேகம் 12 சதவீதம் அதிகம். பாடியவருக்குத் தெரியும்.'

அட்டைக்காரருக்கு வந்ததே கோபம். “இருபத்தாறு வருஷமா பத்திரமா வச்சிருந்த அட்டைங்க! அதுல போயிக் கிறுக்குறாரு! யாருங்க இவரு?”

“என் வீட்டுக்காரர்” என்றேன். “எழுதாம இருக்க மாட்டாரு.”